டோட்டல் லாஸ் என்று சொன்னார்களா? தொகைக்குச் சரி சொல்லும் முன் ரிப்போர்ட்டைக் கேளுங்கள்

2023 நவம்பரில் ஒரு சாயங்காலம், கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில், மவுரி அவென்யூ சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் வந்த பிக்கப் டிரக் பிரேக் பிடிக்காமல் இடித்தது. என் கார் முன்னால் நின்ற வண்டியின் மேல் போய் முட்டியது. பின் சீட்டில் என் நாலு வயதுப் பையன் இருந்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆறு நாள் கழித்து என் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து, சேதத்தை மதிப்பிடும் அட்ஜஸ்டர் கூப்பிட்டார். கார் டோட்டல் லாஸ் (சரிசெய்வது கட்டுப்படியாகாத அளவுக்குச் சேதம்), மதிப்பு 19,690 டாலர், இன்றைக்கே சரி சொன்னால் வெள்ளிக்கிழமைக்குள் பணம் வந்துவிடும் என்றார். அவர்கள் கொடுத்திருந்த வாடகைக் கார் இன்னும் சில நாள்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னார். நான் சரி சொல்லவில்லை. ஐந்து வாரம் கழித்து அதே காருக்கு 22,450 டாலர் கொடுத்தார்கள். வித்தியாசம் 2,760, அதற்கு 10.25 சதவீத விற்பனை வரி 282.90, ஆக 3,042 டாலர் 90 சென்ட். வக்கீல் யாரும் இல்லை. ஒரு ரிப்போர்ட்டை உட்கார்ந்து படித்தேன், நாலு ஈமெயில் எழுதினேன்.

அதற்கப்புறம் இங்கே எங்கள் தமிழ்க் குடும்பங்களில் ஐந்தாறு பேருக்கு இதே வேலையில் உட்கார்ந்து உதவியிருக்கிறேன். எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அவங்க சொன்ன தொகையை மாத்த முடியுமா?" முடியும். அந்தத் தொகை ஒரு ரிப்போர்ட்டிலிருந்து வருகிறது. ரிப்போர்ட் என்பது வரிவரியாகப் போட்ட கணக்கு, கணக்கில் தப்பு இருக்கும். நான் கலிஃபோர்னியாவில் இருப்பதால் இங்குள்ள விதிகளைத்தான் சொல்கிறேன். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் வழிமுறையை எடுத்துக்கொண்டு, உங்கள் மாநில இன்ஷூரன்ஸ் துறை விதியைத் தனியாகப் பாருங்கள்.

முதலில் யாரிடம் கேட்பது என்பதைத் தீர்மானியுங்கள். தப்பு எதிராளியுடையது என்றால் அவருடைய கம்பெனியிடமே கேட்கலாம். ஆனால் என்னை இடித்தவரின் பாலிசியில் சொத்துச் சேதத்துக்கு 5,000 டாலர்தான் இருந்தது. அப்போது கலிஃபோர்னியாவில் சட்டப்படி அதுவே குறைந்தபட்சம். 2025 ஜனவரி 1 முதல் அதை 15,000 ஆக்கியிருக்கிறார்கள், அதுவும் ஒரு நல்ல காருக்குப் போதாது. அதனால் என் பாலிசியில் சொந்தக் கார் சேதத்துக்கு இருந்த கொலிஷன் கவரேஜிலேயே போனேன். என் பங்கு என்று 500 டாலர் டிடக்டிபிள் பிடித்தார்கள். என் கம்பெனி எதிராளியின் கம்பெனியிடம் வசூலித்து, எட்டு மாதம் கழித்து அதில் ஒரு பகுதி திரும்பி வந்தது. சொந்தக் கம்பெனியில் போவதில் இன்னொரு நன்மை: உங்களுக்கும் அவர்களுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது, அந்த ஒப்பந்தத்தைக் காட்டிக் கேட்கலாம்.

சரி, போனில் தொகை சொல்கிறார்கள். பதிலாக ஒரே வாக்கியம் போதும்: "முழு வேல்யுவேஷன் ரிப்போர்ட்டை ஈமெயிலில் அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்." பெரும்பாலான கம்பெனிகள் தாங்களே விலை போடுவதில்லை. சிசிசி, மிட்செல், ஆடடெக்ஸ் மாதிரி நிறுவனங்களின் மென்பொருளில் வின் நம்பரை (ஒவ்வொரு வண்டிக்கும் உரிய அடையாள எண்) போட்டு, விற்பனைக்கு இருக்கும் அதே மாதிரிக் கார்களின் விலையோடு ஒப்பிட்டு ரிப்போர்ட் எடுக்கிறார்கள். எனக்கு வந்தது 17 பக்கம். சுருக்கமாக ஒரு பக்கம் அனுப்பினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள், முழுசும் வேண்டும்.

அந்த 17 பக்கத்தை அச்சடித்து, பையன் தூங்கின பிறகு சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு படித்தேன். முதல் தப்பு இரண்டாவது பக்கத்திலேயே இருந்தது. என் கார் 2018 ஹோண்டா சிஆர்-வி இஎக்ஸ்-எல். ரிப்போர்ட்டில் 'இஎக்ஸ்' என்று இருந்தது. இஎக்ஸ்-எல்லில் தோல் சீட், பட்டனை அழுத்தினால் திறக்கும் பின்கதவு எல்லாம் உண்டு. இஎக்ஸ் துணி சீட். அந்த 'எல்' எழுத்து ஒன்றுக்கு மட்டும் 1,350 டாலர். டிரிம், அதாவது ஒரே மாடலுக்குள் உள்ள ரகம், தப்பாக விழுவது நான் பார்த்த ரிப்போர்ட்டுகளில் அடிக்கடி நடக்கிறது, அதனால் முதலில் அதைத்தான் பாருங்கள். வின் நம்பரில் 4-லிருந்து 8 வரை உள்ள எழுத்துகள் வண்டியின் வகையைச் சொல்லும். மத்திய அரசின் சாலைப் பாதுகாப்பு நிறுவனமான என்ஹெச்டிஎஸ்ஏ தளத்தில் வின் நம்பரை இலவசமாகப் போட்டுப் பார்க்கலாம். வாங்கும்போது கண்ணாடியில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலின் படம் இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம் மைல் கணக்கையும் ஆப்ஷன் பட்டியலையும் ஒவ்வொரு வரியாக டிக் அடியுங்கள்.

இரண்டாவது, கண்டிஷன். உள்பகுதி, பெயின்ட், டயர், எஞ்சின் என்று தனித்தனியாக மார்க் போட்டு, மொத்தம் 620 டாலர் கழித்திருந்தார்கள். டயருக்கு 'சுமார்' என்று இருந்தது. ஆனால் நாலு டயரும் அந்த ஆகஸ்டில் மாற்றியவை. இந்த இடத்தில் என் அப்பாவைச் சொல்ல வேண்டும். காரைக்குடியில் அப்பா ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். மேசை மேல் ஒரு கம்பி நிற்கும், வருகிற பில்லெல்லாம் அதில் குத்தப்படும். வருஷம் முடிந்ததும் கட்டாகக் கட்டிப் பரணில் போடுவார். நான் அந்தப் பழக்கத்தில் ஆயில் மாற்றிய சீட்டைக்கூட போனில் படம் எடுத்து ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தேன். டயர் பில், பிரேக் பேட் பில், ஆறு வருஷ சர்வீஸ் விவரம் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்பாக அனுப்பினேன். 620-ல் 470 திரும்பி வந்தது. பின் பம்பரில் பழைய கீறல் ஒன்று உண்மையிலேயே இருந்தது. அதற்கு 150 கழித்ததை நான் எதிர்க்கவில்லை. நியாயமானதை ஒப்புக்கொண்டால் மற்ற கேள்விகளுக்கு எடை கூடும்.

கலிஃபோர்னியாவில் இதற்கு எழுதி வைத்த விதி இருக்கிறது. மாநில இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை விதிகளில் 2695.8. ஒப்பிடும் காரின் விலையில் எதைக் கூட்டினாலும் கழித்தாலும் அது அளவிடக்கூடியதாக, தனித்தனியாக, டாலர் கணக்கில் காட்டப்பட்டதாக, பொருத்தமானதாக இருக்க வேண்டும் என்கிறது அது. ஆதாரம் காட்ட முடியாத கழிவைப் போடக் கூடாது. நான் ஈமெயிலில் அந்த எண்ணை எழுதி, "ஒவ்வொரு கழிவுக்கும் என்ன ஆதாரம் என்று எழுத்தில் தெரிவிக்கவும்" என்று கேட்டேன். அடுத்த பதில் வேறொரு ஆளிடமிருந்து, மேலதிகாரியிடமிருந்து வந்தது. போனில் பேசியது காற்றோடு போகும், ஈமெயில் அவர்கள் ஃபைலில் உட்கார்ந்துகொள்ளும். யாராவது போன் செய்தாலும், பேசி முடித்த உடனே "இன்று நீங்கள் சொன்னது இது" என்று இரண்டு வரி அனுப்பிவிடுங்கள். நீங்கள் எழுதியதற்கு 15 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்ல வேண்டும் என்பதும் விதிதான்.

மூன்றாவதுதான் அதிகம் உழைப்பு கேட்பது: ஒப்பிட எடுத்த கார்கள். ரிப்போர்ட்டில் நாலு கார் இருந்தது. ஒன்று மொடெஸ்டோ, ஒன்று ஸ்டாக்டன், இரண்டு சாக்ரமென்டோ. நான் இருப்பது ஃப்ரீமான்ட். ஃப்ரீமான்ட் இருக்கும் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி விலை வேறு, அந்த ஊர்கள் இருக்கும் சென்ட்ரல் வேலி விலை வேறு, இங்கே கார் வாங்கிய யாருக்கும் இது தெரியும். விதியும் உள்ளூர்ச் சந்தை என்றுதான் சொல்கிறது. ஒப்பிடும் கார் அங்கே கடந்த 90 நாளுக்குள் பொதுமக்கள் வாங்கும்படி விற்பனைக்கு இருந்திருக்க வேண்டும்.

நான் மூன்று ராத்திரி டீலர் விளம்பரங்களைத் தேடினேன். அதே வருஷம், அதே இஎக்ஸ்-எல், மைல் 10,000 முன்னே பின்னே, ஃப்ரீமான்ட்டிலிருந்து 40 மைலுக்குள். ஆறு கிடைத்தது, நன்றாகப் பொருந்திய நாலை வைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் முழுப் பக்க ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தேதி, வின் நம்பர், டீலரின் ஸ்டாக் நம்பர், விலை, மைல், டீலர் ஊர் எல்லாம் தெரிய வேண்டும். கார் விற்றுப்போனால் விளம்பரம் மறைந்துவிடும், லிங்க் மட்டும் வைத்திருந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

அப்புறம் மைல் வித்தியாசம். இதற்கு நீங்களாக ஒரு கணக்குப் போடாதீர்கள், அவர்கள் கணக்கையே எடுங்கள். என் ரிப்போர்ட்டில் ஒரு கார் என்னுடையதைவிட 9,000 மைல் அதிகம் ஓடியிருந்தது, அதற்கு 540 டாலர் கூட்டியிருந்தார்கள். அதாவது மைலுக்கு 6 சென்ட். ஹேவர்டில் நான் கண்ட கார் 51,000 மைல், விலை 23,400. என் கார் 58,200 மைல். 7,200 மைலை 6 சென்ட்டால் பெருக்கினால் 432. கழித்தால் 22,968. நாலு காருக்கும் இப்படிப் போட்டு ஒரு சின்ன அட்டவணையாக அனுப்பினேன். அவர்கள் விகிதமே என்பதால் அதை மறுக்க வழியில்லை. இரண்டு காரை ஏற்றுக்கொண்டு, சாக்ரமென்டோ கார் இரண்டையும் எடுத்துவிட்டுப் புது ரிப்போர்ட் போட்டார்கள். அதில் 940 டாலர் ஏறியது.

விளம்பர விலையில் யாரும் வாங்குவதில்லை, பேரம் பேசித்தான் வாங்குவார்கள் என்று சொல்லி ஒரு தொகையைக் கழிப்பதும் உண்டு. மிட்செல் ரிப்போர்ட்டுகளில் 'புரொஜெக்டட் சோல்டு அட்ஜஸ்ட்மென்ட்', வேறு ரிப்போர்ட்டுகளில் 'டிப்பிக்கல் நெகோஷியேஷன்' என்ற பெயரில் இருக்கும். இந்த வரியைக் கண்டால் கட்டாயம் கேள்வி கேளுங்கள். இன்று பல டீலர்கள் பேரமில்லாத விலை என்று வெளிப்படையாகவே போட்டு விற்கிறார்கள். அந்தக் குறிப்பிட்ட டீலர் விலை குறைப்பாரா என்று ஒரு போன் போட்டுக் கேட்டு, பதிலை எழுதி அனுப்பலாம்.

காரின் விலை தவிர மற்றதும் உண்டு. கலிஃபோர்னியாவில் விற்பனை வரி, பெயர் மாற்றக் கட்டணம், மீதி இருக்கும் மாதங்களுக்கான ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம் எல்லாம் தொகையில் சேர வேண்டும். குழந்தை சீட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விபத்தின்போது காரில் பயன்பாட்டில் இருந்த சீட்டை மாற்றித்தர வேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது. காரை இழுத்துப்போய் வைத்திருந்த யார்டுக்கு நான் போய் சீட்டைப் படம் எடுத்தேன், அடியில் ஒட்டியிருந்த தயாரிப்புத் தேதி லேபிளையும் சேர்த்து. பையன் கடித்துப்போட்ட முறுக்குத் துண்டு இன்னும் மடிப்பில் இருந்தது. பார்த்ததும் கை நடுங்கிவிட்டது, இரண்டு நிமிஷம் அந்த உடைந்த காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சீட்டுக்கு முழு விலை வந்தது. யார்டுக்குப் போகும்போது டோல் டேக், டேஷ்போர்டில் இருக்கும் பிள்ளையார், பின்னால் டிக்கியில் இருக்கும் சாமான் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். யார்டில் தினமும் வாடகை ஏறும், அதனால் காரை நகர்த்தச் சொன்னால் தடுக்காதீர்கள். காரை நகர்த்துவது விலைக்கு ஒப்புக்கொண்டதாக ஆகாது.

கடன் பாக்கி இருந்தால் பணம் முதலில் பேங்குக்குப் போகும், மீதிதான் உங்களுக்கு. பேச்சுவார்த்தை நடக்கிறது என்று மாதத் தவணையை நிறுத்தினால் கிரெடிட் ஸ்கோர் அடிபடும். காரின் மதிப்பைவிடக் கடன் அதிகம் என்றால், கார் வாங்கியபோது கையெழுத்துப் போட்ட காகிதங்களில் அந்த வித்தியாசத்தைக் கட்டும் கேப் இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று தேடுங்கள். நீட்டித்த வாரன்டி வாங்கியிருந்தால் மீதிக் காலத்துக்குப் பணம் திருப்பிக் கேட்கலாம்.

வாடகைக் கார் நிற்கப்போகிறது, கையில் காசு வேண்டும் என்ற நெருக்கடிதான் பலரைக் கையெழுத்துப் போட வைக்கிறது. அதற்கும் வழி உண்டு. "19,690-ல் தகராறு இல்லை, அதை இப்போது கொடுங்கள், மேற்கொண்டு உள்ளதைப் பேசிக்கொள்வோம்" என்று எழுத்தில் கேளுங்கள். தகராறு இல்லாத பகுதியை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அப்போது தருகிற காகிதத்தில் 'முழுமையான, இறுதியான தீர்வு' என்ற மாதிரி வாசகம் இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஈமெயிலில் வேலை நடக்கவில்லை என்றால் பாலிசியை எடுத்து 'அப்ரைசல்' என்ற பிரிவைத் தேடுங்கள். அது இருந்தால் நீங்கள் ஒரு மதிப்பீட்டாளரை வைக்கலாம், அவர்கள் ஒருவரை வைப்பார்கள். இருவரும் ஒத்துவராவிட்டால் மூன்றாவதாக ஒரு நடுவர். உங்கள் ஆளுக்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டும், நடுவர் செலவு பாதிப் பாதி. வித்தியாசம் 500, 600 டாலர் என்றால் இது கட்டுப்படியாகாது. 2,000-க்கு மேல் என்றால் யோசிக்கலாம். எதிராளியின் கம்பெனியிடம் கேட்கும்போது இந்த வழி கிடையாது. அங்கே இடித்தவர் மேலேயே ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் வழக்குப் போடலாம், கலிஃபோர்னியாவில் தனிநபருக்கு 12,500 டாலர் வரை. அங்கே யாருக்காகவும் வக்கீல் வந்து வாதாட முடியாது, உங்கள் ஸ்கிரீன்ஷாட்டும் பில்லும்தான் பேசும்.

மாநில இன்ஷூரன்ஸ் துறையில் புகார் கொடுக்க ஒரு காசும் செலவில்லை. ஆன்லைனில் அரை மணி நேர வேலை. இதை முதல் நாளே செய்யாதீர்கள். உங்கள் ஈமெயில், அவர்கள் பதில், இரண்டு ரிப்போர்ட், உங்கள் அட்டவணை எல்லாம் சேர்ந்த பிறகு கொடுத்தால் படிக்கிற அதிகாரிக்கு விஷயம் உடனே புரியும்.

பணம் வாங்கியாகிவிட்டதே, இனி என்ன என்று கேட்பவர்களுக்கு: காசோலை கிடைத்து 35 நாளுக்குள், அந்தத் தொகைக்கு ஒப்பான கார் வாங்க முடியவில்லை என்று கம்பெனிக்குத் தெரிவித்தால், அவர்கள் கோப்பைத் திரும்பத் திறக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் இந்த உரிமை இருப்பது மிகச் சிலருக்கே தெரிகிறது. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா 31-வது நாள் என்னிடம் வந்தார். அன்று ராத்திரியே எழுதினோம், 1,100 டாலர் கூடுதலாகக் கிடைத்தது.

கடைசியாக, ஒரே மாதிரி பாதிக்கப்பட்ட எல்லோருக்கும் சேர்த்து நடத்தும் கூட்டு வழக்கு பற்றித் தபாலில் வரும் கிளாஸ் ஆக்‌ஷன் அட்டைகள். டோட்டல் லாஸுக்குக் குறைவாகக் கொடுத்ததாக இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் மேல் நாடு முழுக்க வழக்குகள் நடந்திருக்கின்றன. டெக்சாஸில் விற்பனை வரி, டைட்டில், ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணங்களைச் சரியாகக் கொடுக்கவில்லை என்று கெய்கோ இன்ஷூரன்ஸ் கம்பெனி மேல் தொடுத்த வழக்கை, எல்லோருக்குமான ஒரே வழக்காக நடத்தலாம் என்று 2023-ல் ஐந்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நியூயார்க்கில் புரோகிரசிவ் கம்பெனி இப்படி ஒரு வழக்கில் 4.8 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. ஆனால் எங்கள் மேற்குக் கரைக்கான ஒன்பதாவது சர்க்யூட் 2022-ல், வாஷிங்டன் மாநில வழக்கு ஒன்றில், கண்டிஷன் கழிவால் யாருக்கு எவ்வளவு குறைந்தது என்பதை ஒவ்வொரு காருக்கும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும் என்று கூட்டு வழக்கை மறுத்துவிட்டது. அதே நீதிமன்றம் 2024-ல் ஸ்டேட் ஃபார்ம் கம்பெனி வழக்கில் பேரக் கழிவு விஷயத்தில் மட்டும் கூட்டு வழக்குக்கு வழிவிட்டது. அதனால் யாராவது வழக்குப் போட்டு வாங்கித் தருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம், உங்கள் தொகையை இப்போதே கேட்டுவிடுங்கள்.

அட்டை வந்தால் குப்பையில் போடாதீர்கள். அதில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரையான டோட்டல் லாஸ், எந்த மாநிலம், படிவம் அனுப்பக் கடைசி நாள், கூட்டு வழக்கிலிருந்து விலகிக்கொள்ளக் கடைசி நாள் எல்லாம் இருக்கும். படிவம் கேட்கிற சமரசத்தில் அனுப்பாமல் விட்டால் பணமும் கிடைக்காது, பின்னால் தனியாக வழக்குப் போடும் உரிமையும் போய்விடும். உங்கள் இழப்பு பெரியது என்று தோன்றினால் விலகிக்கொள்ளும் தேதிக்கு முன் வக்கீலிடம் கேளுங்கள். படிவம் அனுப்பக் கட்டணம் கிடையாது. பணம் கேட்டாலோ பேங்க் பாஸ்வேர்டு கேட்டாலோ அது மோசடி. நம் ஆட்கள் வேலைக்காக மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வீடு மாறுகிறோம், அட்டை பழைய முகவரிக்கே போகும். வீடு மாறும்போது பழைய இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் புது முகவரியைச் சொல்லுங்கள். என் 17 பக்க ரிப்போர்ட், கிளெய்ம் நம்பர், காசோலையின் படம் மூன்றும் ஒரே ஃபோல்டரில் இருக்கிறது, காரின் பெயரும் வருஷமும் போட்டு.